பாண்டிலட்சுமி பிடித்த கை

அன்பு மகள் சனாவுக்கு விருதுநகரிலிருந்து அம்மா பைரோஜா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் அத்தாவும் அல்லாஹ்வின் காவலில் சுகம், அந்த வெளிநாட்டுக் குளிரில் நீயும் மருமகனும் எப்படி இருக்கிறீர்களோ என்றுதான் நினைப்பெல்லாம். அத்தாவுக்கு மூட்டுவலி குறையவில்லை, கடைக்குப் போக வேண்டாம் என்றால் என்னை முறைக்கிறார். நீ வேலை பார்க்கும் கல்லூரியில் விளையாட்டுத் துறை ஆட்களை உட்கார வைத்து, எந்த இனமானாலும் எந்த நிறமானாலும் ஒதுக்காமல் அணியில் சேர்த்துக்கொள்வது எப்படி என்று வகுப்பு எடுக்கிறார்களாமே, அதில் நீ உன்னோடு கபடி ஆடிய பாண்டிலட்சுமியைப் பற்றிப் பேசப் போவதாகச் சொல்லி அவள் படம் கேட்டிருந்தாய். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

தாயில்பட்டிக்குப் போய் அவள் அம்மா வெள்ளைத்தாயைப் பார்த்தேன். மகளைக் கொண்டுபோன அதே பட்டாசு வேலைக்குத்தான் இன்னமும் போகிறாள், கை இரண்டும் அலுமினியத் தூளில் வெள்ளி பூசினாற்போல் இருந்தது. கபடியில் எதிரணி ரைடு வரும்போது எல்லாரும் கை கோத்து நிற்க வேண்டுமே, காலனிப் பிள்ளை, கீழ்ச்சாதி என்று அவள் கையை உன்னைத் தவிர ஒருத்தியும் பிடிக்கமாட்டாள் என்று நீ வீட்டில் வந்து பொருமியது எனக்கு மறக்கவில்லை. நீ கல்யாணமாகிப் போன பிறகு அவளோடு கை கோக்க ஆளில்லை என்று மாஸ்டர் அவளை வெளியிலேயே உட்கார வைத்தாராம். மனசு விட்டுப்போய்ப் படிப்பையும் நிறுத்தி அம்மாவோடு வேலைக்குப் போனவள்தான் அந்த வெடிவிபத்தில் போய்விட்டாள். இப்போது நம் தெருவில் கல்யாணத்துக்கு வெடி போட்டாலும், சனா இருக்காளா அத்தே என்று அவள் வாசலில் கூப்பிடுவது எனக்குக் கேட்கிறது. ஓதிவிட்டுப் படு என்கிறார் அத்தா. ஓதினாலும் கேட்கிறது.

படம் கேட்டதற்கு வெள்ளைத்தாய், மாலை போட்ட படந்தான் இருக்குக்கா, அதக் காட்டி எம்மகள செத்தவன்னு சொல்ல வேண்டாம், நல்லா ஆடுனவன்னு சொல்லச் சொல்லுங்க, அம்புட்டுப் போதும் என்றாள். புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, எம்மக பிடிச்ச சனா கையும் இப்படித்தான் இருக்குமாக்கா என்று கேட்டாள். வெகுநேரம் விடவில்லை, நானும் இழுக்கவில்லை. அந்தத் தூள் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது, தொழுகைக்கு ஒளுச் செய்து கை கழுவிய பிறகும் ரேகைக்குள் மின்னுகிறது.

அதனால் படம் வேண்டாம், அவள் சொன்னபடியே பேசு. நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, அல்லாஹ் உங்கள் இருவரையும் நல்லபடியாக வைத்திருப்பானாக. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், அடுத்த முறை மதுரையில் இறங்கியதும் நம் வீட்டுக்கு வராதே. நேராகத் தாயில்பட்டிக்குப் போய் வெள்ளைத்தாயிடம் உன் கையைக் கொடு. அவளாக விடுகிறவரை இரு, நாங்கள் காத்திருப்போம்.

உன் அம்மா,
பைரோஜா