பிரித்துப் பார்க்காத கட்டுகள்

கரடியனாறு
07.12.2024

அன்புள்ள ஹஸீனா ராத்தாவுக்கு,

நேற்றிலிருந்து அழைக்கிறேன், நீங்கள் எடுக்கவில்லை. அதனால்தான் கடிதம். உங்கள் கடையில் கீரை வாங்கிய ஒன்பது வீட்டார் ஆஸ்பத்திரியில் என்று ஆட்டோக்காரர் சொன்னார். என் கீரையா ராத்தா? ஆறு வருடமாக உங்களுக்குத்தானே கட்டித் தருகிறேன். மகள் ஸுஹைனா சுகமா? ரிஸ்கான் நானாவையாவது ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கச்சி,
பிரஷாந்தி

ஏறாவூர்
28.12.2024

பிரஷாந்திக்கு,

அவர், உன் ரிஸ்கான் நானா, மௌத்தாகி இருபத்திரண்டு நாள். நான் இத்தாவில் இருக்கிறேன்; கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வெளியே வரக் கூடாது. நீ வாசலுக்கு வந்ததையும் என் தம்பி திருப்பி அனுப்பியதையும் உள்ளிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அன்று பகல் எனக்கு முன்னே அவரும் ஸுஹைனாவும் அந்தக் கீரையைச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் அவளுடைய கண்மணி விரிந்துவிட்டது. என்னைப் பார்த்தே "நீங்க ஆரு?" என்று கேட்டாள். அவருக்கும் நாக்கு வறண்டிருந்தது. "எனக்கு ஒண்டுமில்ல, நீ புள்ளயக் கொண்டு போ" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் தனக்குள் பேசிக்கொண்டு வாவிப் பக்கம் நடந்ததை இரண்டு பேர் கண்டிருக்கிறார்கள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு தண்ணீரிலிருந்து எடுத்தார்கள்.

கீரையோடு ஊமத்தை இலை கலந்திருந்ததாம். நீ கண்டாயா? காணவில்லை என்றால் அப்படியே எழுது. நம்புகிறேன்.

ஹஸீனா

கரடியனாறு
02.01.2025

ராத்தா,

கண்டேன்.

பாத்திக்குள் ஊமத்தங்கன்று முளைத்திருந்தது ஒரு வாரமாகத் தெரியும். நாளைக்குப் பிடுங்கலாம், நாளைக்குப் பிடுங்கலாம் என்று விட்டுவிட்டேன். அன்று காலை மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஒரே வீச்சில் அறுத்தேன். கட்டும்போது ஓர் இலை கையில் பட்டது, எறிந்தேன். மற்றக் கட்டுகளையும் பிரித்துப் பார் என்று மனம் சொன்னது. நானா மோட்டார் சைக்கிளில் காத்திருந்தார். "கெதியாக் கட்டு புள்ள, ஜும்ஆத் தொழுகைக்குப் போகணும்" என்றார். கொடுத்துவிட்டேன்.

சுகாதாரப் பரிசோதகரிடமும் இதையே சொல்லியிருக்கிறேன். மன்னியுங்கள் என்று எழுதக் கை வரவில்லை.

பிரஷாந்தி

ஏறாவூர்
19.01.2025

பிரஷாந்திக்கு,

நீ பொய் எழுதுவாய் என்றுதான் காத்திருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு உன்னை வெறுத்தபடி இருந்திருப்பேன்.

அரியும்போது ஒரு கெட்ட வாடை வந்தது. மழையில் நனைந்த கீரை என்று அலசிப் போட்டேன். இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

கடையை மூடிவிட்டோம். ஸுஹைனா எழும்பி நடக்கிறாள். பச்சையாக எதை வைத்தாலும் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிடுகிறாள். நேற்று, "பிரஷாந்தி மாமி வரமாட்டாவா?" என்று கேட்டாள்.

வரமாட்டா என்றேன். நீ வந்து அதை மாற்றிவிடாதே.

ஹஸீனா