கிளாடெட்டிடம் கேட்டதை என்னிடமும் கேள்

மெம்பிஸ்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் ரெனீட்டாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கர்த்தர் கிருபையில் நலம், பாஸ்டன் குளிரில் நீயும் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை, தோட்டத்துக் கீரையில் உன் பங்கைக் கழுவி ஃப்ரீசரில் வைத்துவிட்டு என்னைக்கூடத் தொட விடுவதில்லை.

இன்று சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றது யார் தெரியுமா, கிளாடெட். என் எலுமிச்சை கேக் வறட்டுக் கேக் என்று ஊரெல்லாம் சொன்னாளே அதே மகராசிதான், புதுத் தொப்பி வேறு. கறுப்பினத் தாய்மாரின் மனநோய் ஏன் எந்த டாக்டர் கண்ணிலும் படுவதில்லை என்று ஆராயக் கோடையில் நீ வந்து, சபையின் பின்னறையில் ஒவ்வொருத்தியாக உட்காரவைத்துப் பேசினாயே, அதைத்தான் சாட்சியாகச் சொன்னாள். "நம்ம எர்னஸ்டீனோட பொண்ணு ரெண்டு மணி நேரம் குறுக்க ஒரு வார்த்தை பேசாம என் மூஞ்சியவே பாத்துக் கேட்டா, நான் பெத்ததுங்ககூட அப்படிக் கேட்டதில்ல" என்றாள். சபையே ஆமென் போட்டது, நானும் வயிறு எரிய எரியக் கைதட்டினேன். என்னிடம் நீ போனில் பேசுவது காரை ஓட்டிக்கொண்டே, வீடு வந்ததும் வைத்துவிடுவாய். அன்று அந்த அறை வாசலில் கேக் தட்டோடு நின்ற என்னிடம், "அம்மா, நீங்க என்னோட அம்மாங்கிறதால இதுல சேர முடியாது, ஆய்வோட விதி அப்படி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாய். பெற்றதால் தகுதி போயிற்று, நல்ல விதி.

அதையும் பொறுத்திருப்பேன், அடுத்து அவள் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. இரண்டாவது பிள்ளை பிறந்ததும் தலைகூட வாராமல் சுவரைப் பார்த்துக் கிடந்தாளாம். கிளினிக்கில் நர்ஸ் எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு, சபை வாசலில் எல்லோரிடமும் சொல்வதையே சொன்னாளாம், கர்த்தர் கிருபையில் நன்றாக இருக்கிறேன் என்று. "வெள்ளக்காரி அழுதா மருந்து குடுப்பாங்க, நாம அழுதா பிள்ளையப் பறிச்சிட்டுப் போக கவர்மெண்ட் ஆபீசர் வருவாங்க, வேற என்னத்தச் சொல்ல" என்றாள்.

ரெனீட்டா, அது என் கதை. நீ பிறந்த வருஷம் உன்னை மடியில் இறுக்கிக்கொண்டு நானும் அதே பதிலைத்தான் சொன்னேன். எதிர்வீட்டு டெல்ஃபீன் கிளினிக்கில் உண்மையைச் சொல்லி, ஆபீசர்கள் வந்து அவள் பிள்ளையைக் கொண்டுபோனதை நான் பார்த்திருந்தேன். உன்னைக் குளிப்பாட்டியதெல்லாம் தான்தான் என்று அப்பா இன்றும் பீற்றிக்கொள்கிறாரே, தொட்டித் தண்ணீர்ப் பக்கம் உன்னோடு தனியாகப் போக எனக்குப் பயமாக இருந்ததால்தான் அவர் கையில் கொடுத்தேன். ஏன் என்று அவரும் கேட்கவில்லை. கிளாடெட் சொல்லி இறக்கிவிட்டாள், முகமே தெளிந்து கிடக்கிறது. பொறாமையாக இருக்கிறது, மறைக்க மாட்டேன். அந்த இரண்டு மணி நேரம் முதலில் எனக்கல்லவா வந்திருக்க வேண்டும்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், தொட்ட காரியம் துலங்கட்டும். கழுத்துக்கு மஃப்ளர் இல்லாமல் வெளியே போகாதே. நன்றிநாள் விருந்துக்கு வரும்போது ரெக்கார்டரை அங்கேயே வைத்துவிட்டு வா, உன் ஆய்வில் என்னைச் சேர்க்கவும் வேண்டாம். அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்து எப்படி இருக்கிறேன் என்று கேள். கிருபையில் நலம் என்றுதான் முதலில் சொல்வேன், இந்தக் கடிதத்தின் தொடக்கத்தில் எழுதிய மாதிரி. எழுந்து போய்விடாதே, இன்னொரு தரம் கேள்.

உன் அம்மா,
எர்னஸ்டீன்