இருபத்தைந்து நிமிஷம் முந்திய கடிகாரம்

திருவொற்றியூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் எழில்மொழிக்கு நைனா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, நம் வீட்டுத் தண்ணீர் மோட்டார் மூவரும் பெரிய ரிப்பேர் எதுவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறோம். புனேயில் நீயும் அப்படியே ஓடிக்கொண்டிருப்பாய் என்று நினைக்கிறேன், ஓடுவதற்கு முன்னால் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு ஓடு. போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதாசி எழுதுகிறான் என்று சிரிப்பாய். போனில் அனுப்பினால் நீ இரண்டு நீலக் கோடு போட்டுவிட்டுப் போய்விடுகிறாய், பதில் வர மூன்று நாள் ஆகிறது. ஸ்பீட் போஸ்டுக்கும் மூன்று நாள்தான். அதுவும் இல்லாமல் பேனா எடுத்தால் என் கை தானாகவே பள்ளிக்கூடத் தமிழுக்குப் போய்விடுகிறது, கேட்பதற்குக் கொஞ்சம் மரியாதையாகத்தான் இருக்கிறது, நீயும் மரியாதையாகப் படி.

முதலில் ஒரு குற்றத்தை ஒத்துக்கொள்கிறேன். உன் அம்மா கணக்குப் பரீட்சை எழுதின அன்றைக்கு நீ காலையிலிருந்து பதினொரு தடவை போன் பண்ணினாய், நான் எடுக்கவே இல்லை, சாயந்திரம் கேட்டதற்குக் கன்டெய்னர் யார்டில் சிக்னல் இல்லை என்றேன். அது பொய். நான் அன்றைக்கு யார்டிலேயே இல்லை, டோல்கேட் பக்கத்தில் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவில் பைக்கில் உட்கார்ந்துகொண்டு என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கதையை முழுதாகச் சொல்கிறேன். உனக்குத் தெரியும், பாக்கியம் டீச்சர் ரிட்டயர் ஆகி அங்கன்வாடியில் அந்த இடம் காலியாக இருக்கிறது, பத்தொன்பது வருஷமாக உன் அம்மா அங்கே உதவியாளர்தான், பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிட்டு, முட்டை உரித்து, பெருக்கித் துடைக்கிற வேலை. பத்தாவது பாஸ் பண்ணினால் அந்த டீச்சர் நாற்காலி அவளுக்கு, ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் மார்க் ஷீட் கொடுக்காவிட்டால் வேறு யாரையாவது போட்டுவிடுவார்கள். மற்ற பாடமெல்லாம் தேறியாகிவிட்டது, கணக்கு மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது, இது மூன்றாவது.

நீ அனுப்பின டைம் டேபிளைக் கலர் பிரிண்ட் போட்டு ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியது நான்தான். பச்சைக் கட்டம், மஞ்சள் கட்டம், ரோஸ் கட்டம் என்று பார்க்க ரேஷன் கார்டை விட அழகாக இருந்தது. உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு, அஞ்சு மணிலேர்ந்து ஆறு மணி வரிக்கும் படிக்கச் சொல்லி கீதே, அப்பதான தண்ணி வருது, கொடத்தை யாரு புடிப்பாங்க, உம் பொண்ணோட மேனேஜரா என்று கேட்டாள். அப்புறம் அவளே ஒரு நேரத்தைக் கண்டுபிடித்தாள், அதை நீ எந்தக் கம்ப்யூட்டரிலும் போட முடியாது. நம் ரயில்வே கேட் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போடுவான் என்று உனக்குத் தெரியாதா. வேலைக்குப் போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம், கடைக்குப் போனால் இன்னொரு தரம். மணலியிலிருந்து வரும் டேங்கர் கூட்ஸ் ஐம்பது பெட்டியும் கடந்து போவதற்குள் ஒரு கணக்கு முடித்துவிடுவாள். பர்ஸுக்குள் சின்ன நோட்டு, அதில் சூத்திரமெல்லாம் பொடி எழுத்தில். ஊர் ஜனம் எல்லாம் கேட் போட்டான் என்று கூட்ஸ் டிரைவரைத் திட்டிக்கொண்டிருக்க, இவள் மட்டும் இன்னும் ரெண்டு பெட்டி வராதா என்று பார்ப்பாள். ஆட்டோக்காரர்கள்கூட, அக்கா படிச்சிகினு கீது, ஹாரன் அடிக்காதடா என்று ஒருத்தரை ஒருத்தர் அடக்குவார்களாம்.

இதற்கு நடுவில் சுரங்கப்பாதை திறந்துவிட்டார்கள். கேட்டை நிரந்தரமாக மூடிச் சுவர் எழுப்பிவிட்டார்கள், பத்து வருஷமாகத் தோண்டின பள்ளத்துக்குள் இப்போது இரண்டு நிமிஷத்தில் அந்தப் பக்கம் போய்விடலாம். எல்லோரும் லட்டு கொடுத்தார்கள், உன் அம்மா முகம் மட்டும் தொங்கிப் போயிற்று, படிக்கிற நேரம் போச்சேய்யா என்றாள். மிச்சமான அந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து படியேன் என்றேன், பாவம் அவளும் முயற்சி செய்து பார்த்தாள், உட்கார்ந்தால் சிலிண்டர்காரன் வருகிறான், பக்கத்து வீட்டு மலிகா கறிவேப்பிலைக்கு வருகிறாள், நான் டீ கேட்கிறேன். நாலாவது நாள் ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால் மூடின கேட் பக்கத்தில் ஒரு சிமென்ட் கட்டைமேல் உட்கார்ந்து நோட்டை விரித்துக்கொண்டிருக்கிறாள். இன்னாமே, கேட்டே இல்லாத இடத்துல இன்னா பண்ற என்று கேட்டேன். இங்க வந்தா வூட்டு வேலை எதுவும் மண்டைக்குள்ள வராது, பழகிடிச்சி, நீ போய் டீ போட்டுக் குடி என்றாள். நானும் அன்றிலிருந்து டீ போடுகிறேன், சர்க்கரைதான் இன்னும் கைக்கு வரவில்லை.

இப்போது என் குற்றம். நம் கூடத்துக் கடிகாரம் உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இருபத்தைந்து நிமிஷம் கூடத்தான் ஓடும், கேட்டுக்காக நான் வைத்தது. அதில் எட்டு என்றால் எட்டு இல்லை என்று வீட்டுக்கே தெரியும். உன் அம்மா சரியாக இருபத்தைந்தைக் கழிப்பாள், நீ முப்பது கழிப்பாய், நான் மனசுக்குத் தோன்றினதைக் கழிப்பேன். பரீட்சைக்கு முந்தின நாள் எனக்கு சி ஷிஃப்ட், ராத்திரி வேலை. கிளம்புவதற்கு முன்னால் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தேன், கேட்டே போய்விட்டது, இனி எதற்கு இந்தப் பொய் நேரம், உன் அம்மா டீச்சர் ஆகப் போகிறாள், நாமும் ஒழுங்கான குடும்பமாக ஆகிவிடுவோம் என்று எனக்குத் திடீரென்று ஞானம் வந்துவிட்டது. பேட்டரி மாற்றி நேரத்தைச் சரியாக வைத்தேன். சொல்லலாம் என்று திரும்பினால் அவள் கண்ணை மூடிக்கொண்டு பிதாகரஸ் தேற்றத்தை முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள். கலைக்க வேண்டாம் என்று செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்தபோது தூக்கம் கண்ணைச் சுழற்றியது, கடிகார விஷயம் சுத்தமாக மறந்துவிட்டது.

மிக்ஸி சத்தத்தில் விழித்தால் என் போனில் மணி ஒன்பதரை. பத்து மணிக்கு வண்ணாரப்பேட்டையில் பரீட்சை, இவள் எனக்குத் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருக்கிறாள். இன்னாது, இன்னும் கெளம்பலியா என்று கத்தினேன். ஒம்போது அஞ்சுதானய்யா ஆவுது என்கிறாள் அமைதியாக. போனைப் பார்த்திருக்கலாமே என்று நீ கேட்பாய். நீ கூப்பிட்டால் அழுதுவிடுவேன் என்று முந்தின ராத்திரியே அதை அணைத்து பீரோவுக்குள் வைத்துவிட்டாள். நான் கடிகாரத்தைச் சரிசெய்ததைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை, மொழி. மிக்ஸியை அணைத்துவிட்டுக் காம்பஸ் பாக்ஸை எடுக்கப் போனாள். திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அதோடு விட்டேனா. மெட்ரோவில் போகலாம் என்று அவள் சொல்ல, வண்டியில் பத்தே நிமிஷத்தில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சட்டையை உள்புறம் வெளியாக மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தேன். முப்பது வருஷமாகக் கன்டெய்னர் யார்டில் பெட்டி அடுக்குகிறவன், இந்த லாரிகள் எந்நேரத்தில் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியாததா. அன்றைக்குத் தெரியவில்லை. டோல்கேட் கிட்டே நாலு வரிசையாக டிரெய்லர், நடுவில் நாங்கள். ஐந்து நிமிஷம் பொறுத்தாள். பிறகு இறங்கி, காம்பஸ் பாக்ஸையும் ஹால் டிக்கெட்டையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, லாரிகளுக்கு நடுவில் புகுந்து மெட்ரோ படியில் ஏறிவிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் உன் போன் அடித்தது. என்னவென்று எடுத்துச் சொல்வேன்.

பள்ளிக்கூட வாசலுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது பத்து இருபது. வாட்ச்மேன், இன்னும் பத்து நிமிசம் கழிச்சி வந்திருந்தா உள்ளயே வுட்டிருக்க மாட்டேன்மா என்றாராம். உட்கார்ந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு ஒரு நிமிஷம் பேப்பரைக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். இருந்ததே குறைச்ச நேரம், அதிலும் ஒரு நிமிஷம் சும்மா இருந்திருக்கிறாள் பார். அதற்குப் பிறகு முதல் கேள்வியிலிருந்து வரிசையாகப் போகாமல், முதலில் வரைபடம், அடுத்து வடிவியல், அப்புறம் நிச்சயமாகத் தெரிந்த ஐந்து மார்க் கணக்குகள், கடைசியில்தான் ஒரு மார்க். எப்படித் தோன்றியது என்று கேட்டேன். நீதான சோறு துன்னும்போதெல்லாம் சொல்லிகினே இருப்ப, எந்தப் பொட்டி மொதல்ல வெளிய போவணுமோ அத்தைத்தான் மேல வெக்கணும்னு, என்றாள். யார்டில் அது சாதாரண விஷயம், நாளைக்குக் கப்பல் ஏறும் பெட்டியை நாலு பெட்டிக்கு அடியில் வைத்தால் மறுநாள் ஐந்து பெட்டியைத் தூக்க வேண்டும். இருபது வருஷமாக நான் சொல்வதை இவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இரண்டு கணக்குத் தொடவே இல்லையாம். அந்த இருபது நிமிஷம் இருந்திருந்தால் தொட்டிருப்பாள். பாஸ் மார்க் தேறுமா என்றால், தேறும் என்கிறாள் காலையில், தேறாது என்கிறாள் சாயந்திரம்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். வேலை மேலே மேலே குவிகிறது, மூன்று ஆப்பில் பன்னிரண்டு லிஸ்ட் போட்டும் சொன்ன தேதிக்கு ஒன்றும் முடியவில்லை, மேனேஜர் எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டார் என்று அம்மாவிடம் அழுதாயாமே. அதில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது கண்ணு. நீ பள்ளிக்கூடத்தில் சொன்ன முதல் முழு வாக்கியமே கேட் போட்டுட்டாங்க மிஸ் என்பதுதான். அவர்களும் சரி உட்கார் என்று விட்டுவிட்டார்கள். நேரத்துக்குப் போவது எப்படி என்று நாங்கள் சொல்லித் தரவில்லை, லேட்டானால் என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் நன்றாகச் சொல்லித் தந்திருக்கிறோம். புனேயில் கேட் இல்லை, அதனால் டிராஃபிக், நெட்வொர்க், பக்கத்து சீட்காரன் என்று நீ தேடிக்கொண்டிருக்கிறாய். ஆப்பெல்லாம் இருக்கட்டும். உன் அம்மா மாதிரி ஒரு நாளைக்கு ஒரே ஒரு நேரம், ஒரு இடம் பிடித்துக்கொள், யாரும் உன்னைத் தேடி வராத இடமாக இருக்கட்டும், கஷ்டமான வேலையை அங்கே வைத்து முடி. காலையில் எது இன்றைக்கு வெளியே போக வேண்டுமோ அதை மேலே எடுத்து வை. முடியாது என்று தெரிந்தால் இரண்டு நாள் முன்னாலேயே மேனேஜரிடம் வாயைத் திறந்து சொல்லிவிடு, தேதி தாண்டின பிறகு சொல்லாதே. காலம் முழுதும் வேண்டாம், ஒரு வாரம் செய்து பார், சரிவரவில்லை என்றால் நைனா உளறிவிட்டான் என்று விட்டுவிடு.

இவ்வளவு எழுதினது இனிமேல் சொல்லப் போகும் விஷயத்துக்காகத்தான். வருகிற வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ரிசல்ட். மெசேஜ் யாருடைய போனுக்கு வரும் என்று நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. விண்ணப்பத்தில் உன் நம்பரைத்தான் போட வேண்டும் என்று உன்னிடம் பிடிவாதமாகச் சொன்னாளாமே. எனக்குச் சுருக்கென்றது, என் போனும் இதே வூட்லதான கீது என்று கேட்டுவிட்டேன். நீ ஃபெயிலுன்னா சமாதானம் சொல்லுவ, எம் பொண்ணு உள்ளதைச் சொல்லும், போன ரெண்டு தபா ரிசல்ட் இன்னும் வரலைன்னு அதுகிட்ட ஒரு வாரம் பொய் சொன்னேன், இந்தத் தபா அது வாயாலதான் நான் கேக்கணும் என்றாள். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு அங்கன்வாடிப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும், அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருப்பாள். நீ எந்த மீட்டிங்கில் இருந்தாலும் எழுந்து வெளியே வந்துவிடு. அப்புறம் கூப்பிடுகிறேன் என்று மெசேஜ் போடாதே. பாஸோ ஃபெயிலோ, உனக்குத் தெரிந்த அடுத்த நிமிஷம் அவளுக்குத் தெரிய வேண்டும். இந்த ஒரு நாள் மட்டும் லேட்டாக வராதே, மொழி.

எனக்கு அன்றைக்கு ஏ ஷிஃப்ட், பகல் வேலை, போனைச் சட்டைப் பையில்தான் வைத்திருப்பேன். ஃபெயில் என்றால் அவளிடம் சொன்ன கையோடு எனக்கும் சொல்லிவிடு, பர்மிஷன் போட்டுவிட்டு அவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன், பூட்டின வீட்டுக்குள் அவள் தனியாக நுழையக் கூடாது. பாஸ் என்றால் எனக்குப் போன் பண்ணவே பண்ணாதே. அதை அவளே வந்து சொல்லட்டும், நான் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டுக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. வடிவுடையம்மன் உனக்கு எப்போதும் துணை இருப்பாள். வெள்ளிக்கிழமை, இரண்டு மணி, மறக்காதே.

முதல் தடவையாக உன் போன் எனக்கு வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கும்,
உன் நைனா
ஜெயவேல்