ஒரு சைஸ் பெரிய செருப்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

கொழும்பில் நான் சுகம். நெளுக்குளத்தில் உங்களுக்கும் அம்மாவுக்கும் உடம்பு எப்படி? போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

நேற்றுத் தாதியர் வகுப்பில் மிஸ் ஒரு நோயாளியின் விபரத்தைத் தந்து, நோயைக் கண்டுபிடிக்கச் சொன்னார். எங்கள் வவுனியாப் பக்கத்து விவசாயி. குடிப்பது கிணற்றுத் தண்ணீர். சாப்பாட்டில் மனமில்லை. கால் வீங்கி, செருப்பு இறுக்குகிறது. எல்லாருக்கும் முன்னால் நான் எழும்பி, "சிறுநீரகம், மிஸ்" என்றேன்.

"கெட்டிக்காரி. எப்படிக் கண்டுபிடிச்சனீர்?"

"அவர் இப்ப எப்படி இருக்கிறார், மிஸ்?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரிக்குப் பிந்தித்தான் வந்தவர்" என்று சொல்லிவிட்டு, மிஸ் அடுத்த நோயாளிக்குப் போய்விட்டார்.

"வயசு போகக் காலும் வளருது பிள்ளை, ஒரு சைஸ் பெரிசா செருப்பு வாங்கிக்கொண்டு வா" என்று போன கிழமை சொன்னீர்கள். கடைக்குப் போனேன். வாங்காமல் திரும்பிவிட்டேன்.

நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தமும் சலமும் சோதிக்கக் கொடுங்கோ. வயல் வேலை கிடக்கட்டும். முடிவை அம்மா எனக்குச் சொல்லட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம். கொஞ்சம் கறித்தூளும் அனுப்புங்கோ, இங்கத்தைய சாப்பாடு இறங்குதில்லை.

வார்ட்டுக்கு நேரமாகிவிட்டது. அந்தப் பழைய செருப்பை எறிந்துவிடாதேங்கோ, அப்பா.

உங்கள் மகள்
சிவரூபி