தடை செய்த சொற்கள்

ஜூன் 3, செவ்வாய்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. அச்சிலிருந்து எடுத்த அகல்கள் மளமளவென்று காய்ந்து விளிம்பில் விரிசல். சூளை மூட்டுவது நாளைக்குத்தான்.

கம்பெனி வெப்சைட்டில் இன்று எழுபத்து மூன்று கமெண்ட். அகல் வாங்க வந்தவன் ஒருத்தனும் இல்லை. சூதாட்டம். லோன். வழுக்கைக்கு எண்ணெய். "அன்பான பீங்கான், உங்கள் பக்கம் என் இதயத்தை உதவியது" என்று ஒரு பிரகஸ்பதி. நாசமாய்ப் போக.

ஒவ்வொன்றாகப் படித்துத்தான் அழிக்கிறேன். ஏன் என்று வசந்தாவுக்குத் தெரியும். கட்டிக்கொண்டு முப்பது வருஷம். கேட்க மாட்டாள்.

வெப்சைட் செய்து கொடுத்தது கயல். ஒரே மகள். பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொண்டு சேத்தியாத்தோப்பு போய் ஒன்றரை வருஷம். இனி இந்த வீட்டுப் படி ஏறாதே என்று சொன்னவன் நான். அவள் நம்பரை பிளாக் செய்தவனும் நான். அவள் போன மறு மாதம் கமெண்டில் ஒரு வரி: "அப்பா, முகப்புல இருக்கற போட்டோ பழசு. மாத்துங்க. கயல்." பதில் போடவில்லை. போட்டோவை மட்டும் மாற்றினேன்.

அன்றிலிருந்து படிக்கிறேன். பிளாக்கையும் எப்போதோ எடுத்துவிட்டேன். அவளுக்குத் தெரியாது. நானாகக் கூப்பிட வாய் வரவில்லை.

ஜூன் 5, வியாழன்

பிரிண்டர் ரிப்பேர். மங்கலம்பேட்டையிலிருந்து ரஃபி பாய். வேலை முடிந்து டீ குடிக்கும்போது கமெண்டைக் காட்டினேன்.

"மூடிடுங்கண்ணே. ஒரு கிளிக்குதான்."

"வேணாம் பாய்."

"எல்லாம் குப்பை. உங்களுக்குன்னு யாருண்ணே எழுதப்போறாங்க?"

பாயே வேறு வழி காட்டினார். ஒரு பெட்டி. வேண்டாத சொல்லை அதில் போட்டுவைத்தால், அந்தச் சொல் உள்ள கமெண்ட் கண்ணிலேயே படாமல் நேராகக் குப்பைத்தொட்டிக்குப் போகும். அங்கே பதினைந்து நாள் ஆனதும் தானே அழிந்துபோகும்.

பாய் போனதும் உட்கார்ந்து போட்டேன். லோன். முடி. எடை. ஒரு மாதமாகக் கழுத்தறுப்பது கருத்தரிப்பு ஆஸ்பத்திரிக்காரனும் போட்டோ எடுக்கிறவனும். அவர்களுக்காக: குழந்தை. பிரசவம். வளைகாப்பு.

அப்பாடா.

ஜூன் 14, சனி

சாயங்காலம் மழை. காயவைத்ததை உள்ளே எடுப்பதற்குள் முதுகு ஒடிந்தது.

கமெண்ட் நாலே நாலு. நாலும் குப்பை. பாய்க்கு ஒரு கும்பிடு.

வசந்தா இன்று கேட்டாள். முதல் தடவை. "ஏதாவது வந்துச்சா?"

"ஒண்ணுமில்ல."

டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 6, ஞாயிறு

இன்றையதை எழுதித்தான் ஆக வேண்டும்.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கொழுந்தியாள் சுமதி வந்தாள். அடுப்படியில் அக்காளும் தங்கையும். கூடத்தில் நான்.

"கயலுக்கு ஒம்பதாம் மாசங்க்கா. வளைகாப்பு முடிஞ்சி ரெண்டு வாரம் ஆவுது. தாய் வூட்டுலேர்ந்து ஒருத்தரும் வரலன்னு மாமியாகாரியே வளையல் போட்டு வுட்டுது."

"எங்களுக்கு யாருடி சொன்னா?"

"மாமாவுக்கு எழுதுனாளே, வெப்சைட்டுல! தெனம் ஒண்ணு வுடாம படிக்கிறாருன்னு நான்தான் அவகிட்ட சொன்னேன். வளைகாப்புக்கு வாங்க, பிரசவத்துக்கு அழைச்சிட்டுப் போங்கன்னு எழுதிப்புட்டு வாசலையே பாத்துட்டு இருந்துச்சாம் புள்ள. என்னைய வாயத் தொறக்கக் கூடாதுன்னுடுச்சு. அப்பாவா வந்து கூப்பிடணுமாம்."

ஓடிப்போய்க் குப்பைத்தொட்டியைத் திறந்தேன். பதினைந்து நாள் குப்பை மட்டும். அவள் எழுதியது அழிந்துபோயிருந்தது.

குழந்தை. பிரசவம். வளைகாப்பு. இந்தச் சொற்கள் இல்லாமல் அவள் அதை எப்படி எழுதியிருப்பாள்? மூன்றையும் பெட்டியில் போட்டது என் விரல்.

பின்னால் வந்து நின்ற வசந்தாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் அழுதேன். இதில் எழுத வெட்கம் என்ன.

ஜூலை 7, திங்கள்

விடிகாலையில் வசந்தா கிளறிய சாதம் ஐந்து: புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல். கண்ணாடி வளையல் இரண்டு டஜன், சிவப்பும் பச்சையும். முதல் பஸ்.

கதவைத் திறந்தது கயல். வயிறு பெரிசு. முகம் இளைத்துவிட்டது. முழங்கை வரை வளையல்.

"வாங்கப்பா. வாம்மா."

நாற்காலி போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். நின்றபடியே கேட்டாள்: "நான் எழுதினத படிச்சீங்களாப்பா?"

"இல்லம்மா. கண்ணுலயே படல. ஒரு பொட்டி இருக்குது, அதுல வார்த்தையப் போட்டா..."

"தெரியும்ப்பா. நான் செஞ்ச வெப்சைட்டுதானே." தண்ணீர்ச் சொம்பை வாங்கி வைத்துவிட்டு, "குழந்தைன்னு போட்டீங்களா?"

"ஆமாம்மா."

மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கத்தியிருக்கலாம்.

வசந்தா அவள் கையைப் பிடித்து வளையல் ஏற்றினாள். கயல் அம்மா தோளில் சாய்ந்து அழுதாள். நான் எழுந்து பக்கத்தில் போனேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வூட்டுக்கு வாம்மா. பிரசவம் அங்க பாத்துக்கலாம். தப்பு என்னோடதுதான்."

"இங்கயே ஆஸ்பத்திரியில சொல்லி வெச்சாச்சுப்பா. அத்தை கூட இருப்பாங்க."

பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினோம். வாசல்வரை வந்தாள். "பொறந்ததும் சித்திகிட்ட சொல்லிடறேன்ப்பா."

"என் நம்பருக்கே போடும்மா. பிளாக்க எடுத்து மாசக்கணக்குல ஆவுது."

தலையாட்டினாள்.

"சித்திகிட்டயே சொல்லிடறேன்" என்றாள்.