வாய்க்கால் தண்ணீர் ஒரு வாய்

8-12-1961, வெள்ளி இரவு

இன்று தென்னூர் வாய்க்கால் கரையில் என் நாக்கு ஒருவரைக் கொல்லப் பார்த்தது.

பால்காரர் மாரிமுத்துவின் எருமை காலையில் நுரை தள்ளிச் செத்தது. தோல் பதனிடும் கம்பெனி வாய்க்காலில் விடும் கழிவுதான் காரணம் என்று தெருவே போய் மானேஜரை மறித்தது. அவர் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டே, “தண்ணி சுத்தமாத்தாங்க இருக்கு” என்றார்.

வம்பென்றால் தொப்பையோடு முன்வரிசையில் நிற்கும் நான் சும்மா இருந்தேனா? “அப்படின்னா ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்களேன் சார்!”

எல்லோரும் சிரித்தார்கள். மாரிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. மானேஜரின் பிடரியைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினார். கல்லில் மோதிப் பல் உடைந்தது. நாலு பேர் இழுத்தும் பிடி தளரவில்லை. நான் மாரிமுத்துவின் கையைக் கடித்தேன். எனக்குத் தெரிந்த வீரம் அவ்வளவுதான். மேலே வந்த மானேஜர் ரத்தமும் கறுப்புத் தண்ணீருமாகக் கக்கினார்.

“ஒரு வாய்க்கே இப்படியா? என் எருமை வயிறு முட்டக் குடிச்சுதுங்களே!” என்று மாரிமுத்து அலறினார்.

போலீஸ் அவரை அடித்தே இழுத்துப் போனது. மானேஜர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். சாயங்காலமும் கழிவு கொட்டிக்கொண்டுதான் இருந்தது. நாளை ஸ்டேஷனில் தூண்டிவிட்டவன் நான்தான் என்று சொல்ல வேண்டும். பயமாக இருக்கிறது. அங்கேயும் ஏதாவது ஜோக் அடித்துத் தொலைப்பேன்.