ஏழு கிழங்குகளில் ஒரு மஞ்சள்

5.12.2003, வெள்ளி. ஜுபைல்

காலையில் கடல் பக்கமிருந்து மூடுபனி. கேம்ப் வேலிக்கு அப்பால் உலகம் இல்லை. ஆலையின் தீச்சுடர் மட்டும், யாரோ காற்றில் மாட்டிவைத்தது போல.

விடுமுறை. ஃப்ரிட்ஜின் அடித்தட்டு டப்பாவைத் திறந்து மணலைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம் சரி. குளிர் நான்கு டிகிரி. உள்ளே ஏழு கிழங்குகள், உறக்கத்தில்.

பெயர் ஸ்னோட்ராப். குளிர்நாட்டுப் பூ. வெள்ளை, தலைகுனிந்தது. நான் பார்த்ததில்லை. எம்.எஸ்ஸி. தாவரவியலில் இரண்டு வருடம். பாடத்தில் இதன் படம்கூட வரவில்லை.

தந்தவர் ஹென்றி. எங்கள் தண்ணீர்ப் பரிசோதனை லேபின் மேலாளர். இந்த வகைகளைச் சேர்ப்பதே அவர் பித்து. கடைசி லீவில் கொண்டுவந்து லேப் ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார். பூப்பதற்குள் ஓய்வு, டப்பாவை என்னிடம் விட்டுவிட்டு செப்டம்பரில் இங்கிலாந்து போய்விட்டார். ஏழில் ஆறு சாதாரணம். ஒன்று மட்டும், வெள்ளையில் பச்சைக் குறி இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள். எது என்று அவருக்கே தெரியாது, பெயர்ச்சீட்டு ஈரத்தில் அழிந்துவிட்டது. "பூத்தால் சொல்" என்றார், விளையாட்டாக.

நேற்று அவர் மின்னஞ்சல். தோட்டத்து மஞ்சள் கொத்து முழுவதும் அழுகிப் போனது. அவருடைய அப்பா உருவாக்கிய வகை. வேறு யாரிடமும் கிடையாது. மிச்சம் என் டப்பாவில் இருப்பதுதான்.

ஒரு மனிதரின் அப்பா, எங்கள் ஃப்ரிட்ஜில், முட்டைகளுக்குக் கீழே.

8.12, திங்கள்

டியூட்டி முடிந்து வந்தால் அறையில் ஃபினாயில் வாசம். கேம்ப்பின் மேற்பார்வையாளன், கேம்ப் பாஸ், சோதனைக்கு வந்திருக்கிறான். அறைத்தோழன் ஆன்றணிக்கு நைட் ஷிப்ட், அதனால் அறையில் இருந்தான். குளச்சல்காரன், பெயிண்டர்.

"மக்கா, பயப்படாத. ஃப்ரிட்ஜுல மண்ண கண்டா ஃபைன் போடுவான்லா? நான் எல்லாத்தையும் ஒளிச்சாச்சு. ஸ்டவ் கட்டிலுக்கடியில. மண்ணு பாத்ரூம்ல. ஒனக்க கெழங்கு செல்வராஜண்ணனுக்க உள்ளிப் பையில. எப்படி என் மூளை?"

செல்வராஜ் அண்ணனும் எங்கள் அறைதான், பரமக்குடி, ஏ.சி. மெக்கானிக். ஃப்ரிட்ஜை நான்கு டிகிரியில் நிறுத்தித் தந்தவர். அந்த உள்ளிப் பையில், ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் அவர் கெஞ்சி வாங்கிய சின்ன வெங்காயம் இரண்டு கிலோ. என் கிழங்கும் அதே அளவு, அதே பழுப்புத் தோல். அண்ணன் அதற்குள் சாம்பார் வைத்துவிட்டார்.

பையைத் தரையில் கொட்டினோம். நகத்தால் தோலைக் கீறு, மோந்து பார். மணந்தால் வெங்காயம். மணக்காவிட்டால் ஹென்றி.

"ஒங்கப்பா எம்மெஸ்ஸி படிக்க வச்சது வெங்காயத்த மோந்து பாக்கவாடா தம்பி?"

"எனக்க மூக்கு பெயிண்ட் அடிச்சே செத்துப்போச்சு அண்ணா. எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கு."

ஏழு கிடைத்தன. சாம்பார் நன்றாக இருந்தது.

9.12

செ. அண்ணனுக்கு வாந்தி. மெஸ் மீனைத் திட்டுகிறார்.

புது மணல். வாங்க வேண்டியது: டிஸ்டில்டு வாட்டர், சோப்பு, போன் கார்டு.

9.1.2004, வெள்ளி

குளிர். வாயிலிருந்து புகை வருகிறது. ஏழும் முளைத்துவிட்டன, தயிர்க் கப்புகளில் நட்டு ஜன்னலில் வைத்தாயிற்று.

இலைகளைப் பார்த்தேன். நான்கு கப்புகளில் இலைகள் இரண்டும் முகத்தோடு முகம் ஒட்டி, கைகூப்பியது போல. வேறு இரண்டு கப்புகளில் இலை ஓரம் பின்னால் மடிந்து. ஹெ. எழுதியது: மஞ்சள், கைகூப்பும் ஜாதி.

ஏழாவதில் இலையே இல்லை. குழல். ஆன்றணி மோந்து தேர்ந்தது அது. வெங்காயம்.

செ. அண்ணன் நீண்ட நேரம் குழலைப் பார்த்தார். "அப்ப அன்னைக்கி நான் தின்னது..."

"லண்டன் சாம்பார் அண்ணா!" ஆன்றணி கட்டிலில் உருண்டு சிரிக்கிறான்.

நான் சிரிக்கவில்லை. இந்தக் கிழங்கு நஞ்சு என்று எனக்குத் தெரியும். அன்றே சாம்பாரைக் கொட்டியிருக்க வேண்டும். அடுத்து வந்த நினைப்பு அதைவிட மோசம்: தின்றது மஞ்சளாக இருந்தால்?

ஹெ.க்கு எழுதவில்லை.

22.1, வியாழன்

ஒன்று பூத்தது.

விடியற்காலை, டியூட்டி பஸ்ஸுக்கு முன். கப்பு மண்ணிலிருந்து ஒரு விரல் உயரம். வெள்ளை என்பதைவிட, வெளிச்சம் அந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டது போல. அறை வெப்பத்தில் மூன்று வெளியிதழ்கள் மெல்ல விலகின. உள்ளே பச்சைக் குறி. தேன் வாசம், இருக்கிறதா இல்லையா என்று.

பச்சை. அழகுதான்.

பஸ்ஸில் எல்லோரும் தூங்கினார்கள். ஜன்னலுக்கு வெளியே மணல், முழுக்க வெள்ளையாகத் தெரிந்தது, கொஞ்ச நேரம்.

25.1

இன்னும் நான்கு. பச்சை, பச்சை, பச்சை, பச்சை. மிச்சம் ஒரு மொட்டு.

26.1, திங்கள்

மாலை விரிந்தது. குறி வெளிர். மஞ்சளா?

டியூப்லைட்டில் எல்லாமே மஞ்சள். ஆன்றணியின் பனியன்கூட. ஹெ. எச்சரித்திருந்தார்: வெயில் போதாமல் பச்சையே வெளிறி மஞ்சள் போல ஏமாற்றும். மூன்று நாள் நல்ல வெளிச்சத்தில் வை. பச்சை திரும்பினால் சாதாரணம்.

பகலில் வெளியே வைத்துப் பார்த்துக்கொள்ள ஆன்றணி. அவன் தூக்கத்தில் பாதி போகும். "எனக்கு இது பிராயச்சித்தம் மக்கா" என்கிறான்.

29.1, வியாழன்

மூன்றாம் நாள். வெயிலில் மண்டியிட்டுப் பார்த்தேன். காம்புக்குக் கீழே சூற்பை மஞ்சள். இதழ்க் குறி மஞ்சள். நேற்றைவிடத் தெளிவாக.

இன்டர்நெட் கடையிலிருந்து படம் அனுப்பினேன். அரை மணியில் பதில். அதுதான். அதற்குக் கீழே ஒன்றும் எழுதாமல் நிறைய வெற்றிடம். பிறகு: உங்கள் ஆலை டேவிட் சனிக்கிழமை லீவில் இங்கிலாந்து வருகிறார், இலையும் பூவுமாகவே எடுத்துக் கொடுத்துவிடு.

30.1, வெள்ளி

தோண்டினேன். கிழங்கின் விலாவில் பட்டாணி அளவு இன்னொன்று. குட்டி. லேசாகத் தொட்டதும் கழன்று வந்தது.

ஹெ.க்கு இது தெரியாது. படத்தில் மண்ணுக்குக் கீழே தெரியாது.

தனிக் கப்பில் வைத்தேன். உலகத்தில் மஞ்சள் இரண்டு இடத்தில் இருக்கட்டும், பாதுகாப்பு என்று எனக்கே விளக்கம் சொல்லிக்கொண்டேன். ஹெ.யிடம் கேட்கலாம். கேட்டால் வேண்டாம் என்று சொல்லக்கூடும். அதனால் கேட்கவில்லை. எனக்கென்று இங்கே ஒன்றும் இல்லை. கட்டில் கம்பெனியுடையது, தலையணைகூட.

செ. அண்ணன் பார்த்துவிட்டார்.

"அதென்ன குட்டிக் கப்பு?"

சொன்னேன்.

"ஒண்ண நான் தெரியாமத் தின்னுட்டேன். நீ ஒண்ணத் தெரிஞ்சே அமுக்குறியாக்கும்?" பிறகு ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கைவைத்துப் பார்த்தார். "கம்ப்ரசரு கெழடு தம்பி. ஜூன் தாங்காது. அப்புறம் என்னயச் சொல்லக் கூடாது."

குட்டி என் பக்கம் ஜன்னலில்.

31.1, சனி

என் பக்கம் ஜன்னலில் குட்டிக் கப்பு காலி. டேவிட்டின் கார் கேட்டுக்கு வெளியே, இன்ஜின் ஓடிக்கொண்டு. ஈரப் பஞ்சு சுற்றிய பொட்டலத்தை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். பெல்ட்டை மாட்டியபடி கேட்டார், ஒரு கிழங்கு என்றுதானே ஹென்றி சொன்னார், கனமாக இருக்கிறதே.

இரண்டு என்றேன்.